பன்னிரண்டு தந்தி கிட்டார் வாங்கும்போது விரல்களிடம் கேட்க வேண்டியவை

பன்னிரண்டு தந்தி கிட்டாரைக் கடையில் முதன்முறையாக மடியில் வைத்து, ஜி கார்டை (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடியை) பிடித்து மேலிருந்து கீழாக ஒரு முறை மீட்டியவர்களில் பெரும்பாலோர், அந்த ஒலி அடங்குவதற்குள்ளேயே அதை வாங்கிவிடுவது என்று மனத்துக்குள் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த மினுமினுப்பு அப்படிப்பட்டது. ஆனால் அது மலிவான கருவியிலும் கேட்கும், உயர்ந்த கருவியிலும் கேட்கும். இரண்டிரண்டாகக் கட்டிய தந்திகளின் இயல்பு அது என்பதால், அதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. ஓராண்டு கழித்தும் அந்தக் கருவியை நீங்கள் விருப்பத்தோடு கையில் எடுப்பீர்களா என்பது, இடக்கை விரல்களுக்கு அது எவ்வளவு இணங்கிக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. காரைக்குடியில் இருந்துகொண்டு இக்கருவியைப் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். முதலில் வாங்கியதில் ஏமாந்தும் இரண்டாவதில் தேறியும் கற்றுக்கொண்டவற்றைப் புதிதாக வாங்க விரும்புவோருக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கருவியின் அமைப்பை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பன்னிரண்டு தந்திகளும் ஆறு இணைகளாக அமைந்திருக்கும். ஆறு தந்தி கிட்டாரைப் போலவே இந்த இணைகளுக்கும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்றே சுருதி சேர்க்கிறோம். மெல்லிய இரண்டு இணைகளில், அதாவது பி, ஈ இணைகளில், இரு தந்திகளும் ஒரே சுருதியில் நிற்கும். தம்பூராவின் நடுவிலுள்ள இரண்டு ஷட்ஜத் தந்திகளைப் போல என்று கொள்ளலாம். மற்ற நான்கு இணைகளில் ஒரு தந்தி வழக்கமான சுருதியிலும் அதன் துணைத் தந்தி ஒரு ஸ்தாயி மேலேயும் நிற்கும். இவற்றுள் ஜி இணையின் துணைத் தந்திதான் கருவியிலேயே மிக உயர்ந்த சுருதியுடையது. முதல் தந்தியான ஈயைவிடவும் அது மேலே ஒலிக்கும். 0.008 அல்லது 0.009 அங்குலத் தடிமனே உள்ள அந்தத் தந்திதான் அடிக்கடி அறுந்துபோவதும்.

இத்தனை தந்திகளும் சேர்ந்து கழுத்தையும் மேற்பலகையையும் இழுக்கும் விசையை மனத்தில் வாங்கிக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் சோதனைகளின் காரணம் தானாக விளங்கும். ஆறு தந்தி கிட்டாரில் மெல்லிய வகைத் தந்திகள் ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கின்றன. பன்னிரண்டு தந்தியில், 0.010 முதல் 0.047 அங்குலம் வரை தடிமனுள்ள மெல்லிய தந்தித் தொகுதியைக் கட்டினாலும், அந்த விசை 110 கிலோவைத் தாண்டும். பெரிய அரிசி மூட்டை ஒன்றை இரவும் பகலும் தொங்கவிட்டிருப்பதைவிட இது அதிகம். மெல்லிய மரப்பலகை ஒன்று இதைப் பல ஆண்டுகள் தாங்கியாக வேண்டும்.

கிட்டாருக்கே புதியவராக இருந்தால், முதலில் ஆறு தந்தியில் எஃப் கார்டு தடுமாற்றமின்றி விழும்வரை பழகிவிட்டு இதற்கு வருவது நல்லது. இது என்னுடைய உறுதியான கருத்து. இரட்டைத் தந்திகளை அழுத்தப் பழகாத விரல், கருவியின் குறையையும் தன் குறையையும் பிரித்தறிய இயலாமல் தவிக்கும்.

கடைக்குப் போவதற்கு முன்

செட்டிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் கருவியைப் பார்த்து வாங்குவது ஒரு பயணமாகவே அமையும். மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் உள்ளன. அங்குள்ள இசைக்கருவிக் கடைகளில் ஆறு தந்தி கிட்டார்கள் வரிசையாகத் தொங்கினாலும், பன்னிரண்டு தந்தி ஒன்றோ இரண்டோ இருந்தால் பெரிது. ஆகவே முதலில் தொலைபேசியில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். பல கருவிகளை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், காரைக்குடியிலிருந்து அதிகாலையில் புறப்படும் பல்லவன் விரைவு ரயிலில் சென்னைக்குச் செல்லலாம். அண்ணா சாலையில் 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் உட்பட, பல பெரிய கடைகள் அங்கே இருக்கின்றன. எந்தக் கடையானாலும், உங்களுக்குக் காட்டப்போகும் கருவிக்கு முந்தைய நாளே சுருதி சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள். தளர்ந்து தொங்கும் தந்திகளோடு நிற்கும் கிட்டாரைச் சோதிப்பதில் பயனில்லை. முழு இழுவிசையில் ஓர் இரவாவது நின்ற கழுத்துதான் தன் உண்மையான வளைவைக் காட்டும்.

கையில் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்கள் சில. அரை மில்லிமீட்டர் கோடுகள் உள்ள சிறிய எஃகு அளவுகோல், இரும்புக் கடைகளில் கிடைக்கும் இரண்டடி நீள எஃகு அளவுகோல், ஒரு விசிட்டிங் கார்டு, கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி, சிறிய டார்ச் விளக்கு ஆகியவை போதும். இவற்றை வெளியில் எடுத்தவுடன் கடைக்காரரின் முகம் சற்றே மாறக்கூடும், தயங்க வேண்டியதில்லை. அக்கறையோடு அளந்து பார்க்கும் வாடிக்கையாளரிடம் நல்ல கடைக்காரர் இன்னும் கவனமாகப் பேசுவார் என்பதையே நான் கண்டிருக்கிறேன். பழகிய வாசிப்பாளர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அவர் எதிரே அமர்ந்து வாசிக்கும்போதுதான், முன்பக்கமாகப் பரவும் ஒலியை நீங்கள் கேட்க முடியும்.

கண்ணால் பார்ப்பது

சுருதியைச் சரிபார்த்த பிறகு, வாசிக்கத் தொடங்காமல், கருவியை முதலில் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பலகை ஒரே மரத்தால் ஆனதா, ஒட்டுப்பலகையா என்பது முதல் கேள்வி. ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்தால், மேற்பரப்பில் தெரியும் மர ரேகைகள் பலகையின் தடிமனுக்குள்ளும் அப்படியே தொடர்ந்து இறங்குகின்றனவா, அல்லது குறுக்கே வேறு அடுக்குகள் தெரிகின்றனவா என்பதைக் காணலாம். பர்மாத் தேக்குத் தூண்களையும் நிலைகளையும் தட்டியும் தடவியும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பார்வை புதிதன்று. தெரிந்த ஆசாரி ஒருவர் உடன் வந்தால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். ஒரே மரத்தாலான ஸ்ப்ரூஸ் மேற்பலகை ஆண்டுகள் செல்லச் செல்ல ஒலியில் திறந்துகொள்ளும். ஒட்டுப்பலகை அவ்வளவாக மாறாது, ஆனால் ஈரத்தையும் வெப்பத்தையும் கூடுதலாகத் தாங்கும். யமஹாவின் எஃப்ஜி820-12, ஃபெண்டரின் சிடி-60எஸ்சிஇ-12, டெய்லரின் 150இ போன்ற, ஓரளவு எளிதில் வாங்கத்தக்க மாதிரிகளிலேயே ஒரே மர ஸ்ப்ரூஸ் மேற்பலகை வந்துவிட்டதால், இதற்காகப் பெருந்தொகை செலவிட வேண்டிய நிலை இப்போது இல்லை.

அடுத்ததாக பிரிட்ஜ், வீணையில் குதிரை என்கிறோமே, அதன் இடத்தில் இருப்பது. அதன் பின்விளிம்பில் ஒரு மெல்லிய தாளின் மூலையை நுழைத்துப் பாருங்கள். புதிய கருவியில் எங்கும் நுழையக் கூடாது. பிரிட்ஜுக்குப் பின்னால் மேற்பலகை மிக இலேசாகப் புடைத்திருப்பது இழுவிசையால் வரும் இயல்பான நிலை. ஆனால் பிரிட்ஜுக்கு முன்னால் ஒலித்துளைப் பக்கம் பள்ளம் விழுந்து, பிரிட்ஜே முன்சாய்ந்து நிற்பதுபோல் தோன்றினால் அந்தக் கருவியை வைத்துவிடுங்கள்.

இனிச் சொல்வதைத் தவறாமல் செய்யுங்கள், ஏனெனில் நான் ஏமாந்தது இதில்தான். கழுத்து உடலோடு சேரும் கோணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டடி அளவுகோலை, மூன்றாவது நான்காவது இணைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விளிம்பு கீழாக இருக்குமாறு ஃபிரெட்டுகளின் மேல் படியவைத்து, அதன் முனையை பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். வீணைக்கு மெட்டுகள் எப்படியோ அப்படித்தான் இங்கே ஃபிரெட்டுகள். மெழுகில் பதியாமல் மரத்தில் அடித்து இறுக்கியவை என்பது வேறுபாடு. அளவுகோலின் அடி விளிம்பு பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்தைத் தொட்டுச் செல்ல வேண்டும், அல்லது அதற்கு மயிரிழை மேலே செல்ல வேண்டும். அது பிரிட்ஜின் நெற்றியில் கீழாக முட்டினால் கழுத்தின் கோணம் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்யக் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். புதிய கருவிக்கு அந்த வேலை வரவே கூடாது.

அத்துடன் தந்திகள் படிந்து செல்லும் சேடில் என்னும் வெள்ளைத் துண்டு பிரிட்ஜ் மரத்துக்கு மேலே எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. என் முதல் கருவியை ஒரு பெருநகரக் கடையில் வாங்கியபோது, தந்திகள் தாழ்வாக, வாசிக்க இதமாகவே இருந்தன. சேடிலை ஏறக்குறைய மரத்தின் மட்டத்துக்கே தேய்த்து அந்த இதத்தை வரவழைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. முதல் கோடையும் மழையும் கடந்ததும் தந்திகள் உயர்ந்தன. மேலும் தேய்க்க சேடிலில் எதுவும் மிச்சமில்லை. இரண்டாம் ஆண்டிலேயே பிரிட்ஜின் பின்விளிம்பும் தூக்கிக்கொண்டது. இன்று தந்தி எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், நாளை அதை இறக்க இடம் இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை அந்த இழப்பில்தான் கற்றேன்.

விரல்களின் சோதனை

கழுத்தின் வளைவிலிருந்து தொடங்குங்கள். தடித்த ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் பதினான்காம் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் தந்தியே நேர்கோடாகிவிடும்; அப்போது ஏழாம் ஃபிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் வளைவின் அளவு. 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். சாதாரண விசிட்டிங் கார்டு ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் உடையது. அது தந்தியைத் தூக்காமல் தாராளமாக நுழைந்தால் வளைவு கூடுதல், இடைவெளியே இல்லாவிட்டால் கழுத்து நேராகவோ பின்வளைந்தோ இருக்கிறது. இது ட்ரஸ் ராட் எனப்படும் உட்கம்பியைத் திருகிச் சரிசெய்யக்கூடிய குறைதான். ஆகவே அதற்கான சாவி கருவியோடு வருகிறதா, திருகும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திருகும் வேலையைக் கடைக்காரரே செய்யட்டும். கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால் ஏன் என்று கேளுங்கள்.

வளைவு சரியான பிறகே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தை அளக்க வேண்டும். வளைவு மாறினால் உயரமும் மாறும். ஃபிரெட்டின் தலையிலிருந்து தந்தியின் அடிவரை அளந்தால், தடித்த ஈக்கு 2.0 முதல் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய ஈக்கு 1.6 முதல் 1.9 மில்லிமீட்டர் என்பது பெரும்பாலான கைகளுக்கு ஏற்ற அளவு. ஆறு தந்தியில் 2.8 மில்லிமீட்டரைக்கூட வலிமையான கை சமாளித்துவிடும். இங்கே ஒவ்வொரு விரலும் இரண்டு தந்திகளை அழுத்துவதால், அதே உயரம் அரை மணி நேரத்தில் மணிக்கட்டைக் கடுக்க வைக்கும். உயரம் கூடுதலாக இருந்தால் சேடிலைத் தேய்த்துக் குறைக்கலாம். பன்னிரண்டாம் ஃபிரெட் தந்தியின் நடுப்புள்ளி என்பதால், அங்கே அரை மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். முன்பு அளந்த 3 மில்லிமீட்டர் எதற்காக என்பது இப்போது புரியும்.

ஆயினும் பன்னிரண்டு தந்தியின் வசதியைப் பெரும்பாலும் முடிவு செய்வது கழுத்தின் மறுமுனையில், தந்திகள் படிந்து செல்லும் நட் என்ற சிறு துண்டுதான். தொழிற்சாலையிலிருந்து வரும் கருவிகளில் பெரும்பாலும் நட்டின் பள்ளங்களை ஆழமாக வெட்டாமலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஆழம் கூடிப்போனால் நட் வீணாகிவிடும் என்பதால், குறைவாக வெட்டுவது அவர்களுக்குப் பாதுகாப்பு. அதன் சுமை நம் விரல்களில் இறங்குகிறது. ஒவ்வொரு தந்தியையும் மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் தந்திக்கும் நடுவே பாருங்கள்: ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் இருந்தால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் விழும் சி, எஃப் போன்ற கார்டுகள் எல்லாம் கடினமாகும். சுருதியும் சற்று ஏறி ஒலிக்கும். பன்னிரண்டு பள்ளங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பத்து சரியாக இருந்து இரண்டு மட்டும் உயர்ந்து நிற்பதும் உண்டு.

இணைகளின் அமைப்பும் நட்டில்தான் தீர்மானமாகிறது. இணையின் இரு தந்திகளுக்கும் நடுவே ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். அதைவிட நெருங்கினால் பலமாக மீட்டும்போது இரண்டும் உரசிக்கொள்ளும். மிகவும் விலகினால் விரல்நுனி ஒன்றை அழுத்தி மற்றொன்றைத் தவறவிடும். நல்ல கைவினையாளர் வெட்டிய நட்டில், தடித்த தந்தியும் அதன் மெல்லிய துணையும் மேல்மட்டத்தில் ஏறத்தாழ சமமாக நிற்கும். பள்ளங்களின் அடியைச் சமமாக வெட்டிவிட்டிருந்தால், மெல்லிய தந்தி தாழ்ந்து போய், விரல் தடித்த தந்தியின் மேல் தங்கிவிடும், மெல்லியது மங்கலாக ஒலிக்கும். மூன்றாவது, நான்காவது இணைகளில் இதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.

நட்டின் அகலத்தையும் கேட்டறியுங்கள். ஆறு தந்தி கிட்டார்களில் 43 அல்லது 44 மில்லிமீட்டர் அகலம் வழக்கம். பன்னிரண்டு தந்தியில் 46 முதல் 48 வரை இருக்கும். சிறிய கை உடையவர்கள் 46-ஐ நாடுவது இயல்பு. ஆனால் விரல்நுனி தடித்தவர்களுக்கு அந்த அகலத்தில் பக்கத்து இணையில் விரல் பட்டு ஒலி அடைபடும். இதை எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. முதல் நிலையில் சி, ஏ மைனர், டி கார்டுகளைப் பிடித்து, ஒவ்வோர் இணையாக மெதுவாக மீட்டி, ஒவ்வொன்றிலும் இரு தந்திகளும் தெளிவாக ஒலிக்கின்றனவா என்று கேட்பதே வழி.

பிறகு முதல் ஃபிரெட்டில், சுட்டுவிரலை எல்லாத் தந்திகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் எஃப் பாரே கார்டைப் பிடியுங்கள். சுட்டுவிரலின் கீழே பன்னிரண்டு தந்திகளும் ஒலிக்கின்றனவா? அப்படியே பத்து நிமிடம், எஃப், சி, ஜி, ஏ மைனர் என்று மாறி மாறி, நிறுத்தாமல் வாசியுங்கள். கடையில் இரண்டு நிமிடம் வாசித்துவிட்டு வாங்குபவர்கள் அறிய முடியாததை இந்தப் பத்து நிமிடம் அறிவிக்கும். விரல்நுனி வலிப்பது பழகினால் போய்விடும்; கட்டைவிரலின் அடிச்சதையில் கடுப்பு ஏறினால் கழுத்தின் தடிமனோ தந்தியின் உயரமோ உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம்.

கரகரப்பு கேட்டால் அதன் காரணத்தைப் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது. இணையின் ஒரு தந்தியின் கீழே சிறு பஞ்சையோ மடித்த தாளையோ செருகி அதன் ஒலியை அடக்கிவிட்டு, மற்றதை மட்டும் மீட்டுங்கள். கரகரப்பு நின்றுவிட்டால் தந்திகள் இரண்டும் மோதிக்கொள்கின்றன; தொடர்ந்தால் ஏதோ ஒரு ஃபிரெட் உயர்ந்து நிற்கிறது. எல்லா ஃபிரெட்டுகளிலும் எல்லா இணைகளையும் ஒருமுறையாவது ஒலிக்கவைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் செய்யத்தக்கது. கழுத்தின் விளிம்பில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டி, ஃபிரெட் முனைகள் குத்துகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலின் அளவு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜம்போ வகை ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் அகலமும் டிரெட்நாட் வகை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலமும் உடையவை. வலத் தோள் உயர்ந்து நிற்காமல் கை இயல்பாக விழுகிறதா என்பதைக் கைப்பிடியில்லாத நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். பன்னிரண்டு டியூனிங் கீகள் ஏறிய தலை கனமானது என்பதால், நின்று வாசிப்பவர்கள் பட்டையை மாட்டிக் கையை விட்டும் பார்க்க வேண்டும். தலை தரையை நோக்கிச் சரிந்தால் இடக்கை அதைத் தாங்குவதிலேயே களைத்துவிடும்.

சுருதி

முதலில் ஆறு முதன்மைத் தந்திகளையும் சேர்த்துவிட்டு, அதன்பின் துணைத் தந்திகளை ஒவ்வொன்றாக, இணையின் மற்ற தந்தியை விரலால் அடக்கிக்கொண்டு, கீழிருந்து மேலாகவே ஏற்றிச் சேர்க்க வேண்டும். பன்னிரண்டும் முடிந்ததும் முதலில் சேர்த்தவை சற்று இறங்கியிருக்கும். இரண்டாம் சுற்று தேவைப்படும். இந்தச் சுற்றுகளின்போது கீகள் சீராகச் சுழல்கின்றனவா, அல்லது தந்தி அசையாமல் நின்றுவிட்டு ‘டிங்’ என்ற ஒலியோடு திடீரெனத் தாவுகிறதா என்று கவனியுங்கள். தாவினால் நட்டின் பள்ளம் தந்தியை இறுக்கிப் பிடிக்கிறது என்று பொருள். பென்சில் கூரின் தூளைப் பள்ளத்தில் தடவினால் ஓரளவு சரியாகும். அகலப்படுத்த வேண்டியிருந்தால் கடைக்காரர் செய்து தர வேண்டும்.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் தனியே பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டி, அதே இடத்தில் மெல்லத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒலியோடு செயலியில் ஒப்பிடுங்கள். தடித்த தந்திக்கும் அதன் மெல்லிய துணைக்கும் வெவ்வேறு நீளம் தேவைப்பட, நேராக ஓடும் சேடில் இரண்டுக்கும் ஒரே நீளத்தைத் தருவதால், தடித்தது சிறிது ஏறியும் மெல்லியது சிறிது இறங்கியும் நிற்பது இக்கருவியின் பிறவிக் குணம். இணைக்குள் வரும் நுண்ணிய வேறுபாடுதான் அந்த மினுமினுப்புக்கும் காரணம். ஆகவே 5 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) அளவுக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். 10 சென்டைத் தாண்டினால் காது நோகும். ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியே சரிவு வெட்டிய சேடில் உள்ள கருவி கிடைத்தால், மற்றவை சமமாக இருக்கும்போது அதையே தேர்ந்தெடுங்கள்.

ஒலியைத் தீர்மானிக்கும்போது, எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எங்கள் பகுதி வீடுகளின் வளவில், அதாவது உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய சுவரும் ஒலியைத் துளியும் உறிஞ்சாமல் திருப்பி அனுப்புவதால், எந்தப் பன்னிரண்டு தந்தியும் அங்கே கோயில் மண்டபத்தில் ஒலிப்பதுபோல் நிறைந்து ஒலிக்கும். அதே கருவி, அட்டைப் பெட்டிகளும் உறைகளும் நிறைந்த கடைக்குள் மெலிந்து கேட்கலாம். இரண்டு கருவிகளை ஒப்பிடுவதானால் ஒரே இடத்தில், தந்தி மீட்டும் ஒரே பிக்கால், ஒரே கார்டுகளை மீட்டி ஒப்பிடுங்கள். அடித்தந்திகளின் துணைகள் முதன்மைத் தந்திகளை மூழ்கடிக்காமல் அவற்றின் மேல் மிதப்பதுபோல் ஒலிக்கும் கருவியே என் செவிக்கு நல்லது.

இணையத்தில் வாங்குவதானால் இந்தச் சோதனைகளை எல்லாம் வீட்டில், திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் செய்ய வேண்டும். பெட்டி வந்தவுடன் திறந்துவிடாமல், அறையின் வெப்பத்துக்கு அது பழகும்வரை சில மணி நேரம் விட்டுவையுங்கள். சுருதி சேர்த்து ஓர் இரவு கழிந்த பின் அளவுகளை எடுங்கள். கடையில் வாங்கும்போதோ, நட்டையும் சேடிலையும் உங்கள் கைக்கேற்பச் சீராக்கித் தருவதை விலைக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். விலையில் சிறிது குறைப்பதைவிட அது பயனுள்ளது.

வீட்டுக்கு வந்த பிறகு

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலைக்கதவு இறுகிக்கொள்வதையும் சித்திரை வெயிலில் அதே கதவு தளர்ந்து ஆடுவதையும் இங்கே பார்க்காதவர் இல்லை. கிட்டாரின் மேற்பலகை அந்தக் கதவைவிட எத்தனையோ மடங்கு மெல்லியது. மழைக்காலத்தில் அது ஈரத்தை வாங்கிப் புடைக்கும், தந்திகள் உயரும். வறண்ட கோடையில் சுருங்கி இறங்கும், தந்திகள் ஃபிரெட்டில் பட்டுக் கரகரக்கும், ஃபிரெட் முனைகள் விளிம்பில் நீட்டிக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருப்பது கருவிக்கு உகந்தது. ஈரப்பதம் காட்டும் சிறிய கருவி ஒன்றைக் கிட்டார்ப் பெட்டிக்குள் வைத்து, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுக்கு நேர் கீழே உள்ள மாடி அறையும் வெயில் அறையும் வெளிச்சுவரும் வேண்டாம்; வளவை ஒட்டிய உள்ளறைகள் பகலிலும் குளிர்ந்திருப்பவை. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 60 டிகிரி செல்சியஸை நெருங்கும். அந்த வெப்பத்தில் பசை இளகும்போது 110 கிலோ விசை பிரிட்ஜை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மதுரையிலிருந்து வாங்கி வரும் வழியில் பிள்ளையார்பட்டியில் இறங்கிக் கும்பிட விரும்பினாலும், கிட்டாரையும் உடன் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இழுவிசையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. பன்னிரண்டு தந்தி வாசிப்பாளர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்வது அது. எல்லாத் தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கி டி, ஜி, சி, எஃப், ஏ, டி என்று சேர்த்துவிட்டு, வழக்கமான சுருதி வேண்டும்போது இரண்டாம் ஃபிரெட்டில் கேப்போவை, அதாவது தந்திகளைக் குறுக்கே அழுத்தும் இடுக்கியை, மாட்டிக்கொள்ளலாம். ஒரு முழுச் சுரம் இறக்கினால் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 110 கிலோ 90-க்கும் கீழே வந்துவிடும். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் லெட் பெல்லி தம் பன்னிரண்டு தந்தியை இதைவிடவும் கீழே இறக்கி வாசித்தவர். நான் கோடை, மழை இரு காலங்களிலும் இப்படித்தான் வைத்திருக்கிறேன். அந்தத் தாழ்ந்த சுருதியில் பாடுவதற்கும் என் குரலுக்கு எளிதாக இருக்கிறது.

வியர்வை இங்கே தந்திகளை விரைவில் துருவாக்கும். உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊரிலேயே இருந்தாலும், நாம் செய்ய வேண்டியது எளிய வேலை: வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்திகளை, அவற்றின் அடிப்பக்கம் உட்பட, துடைத்துவிடுவது. ஜி இணையின் துணைத் தந்தியில் மூன்று நான்கைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் அவசரத்துக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தந்திகளை மாற்றும்போது பன்னிரண்டையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஓர் இணையாக மாற்றிச் சென்றால் கழுத்தின் நிலை குலையாது.

கடைசியாக, வாங்கிய முதல் வாரத்தில் ஒரு சிறு அட்டையில் தேதி, ஏழாம் ஃபிரெட்டின் வளைவு, பன்னிரண்டாம் ஃபிரெட்டில் இரு ஈ தந்திகளின் உயரம், சேடிலின் உயரம், அன்றைய ஈரப்பதம் ஆகியவற்றை எழுதிக் கிட்டார்ப் பெட்டியின் பைக்குள் வையுங்கள். ஐப்பசியில் ஒருமுறையும் சித்திரையில் ஒருமுறையும் மறுபடி அளந்து அதே அட்டையில் கீழே எழுதிவாருங்கள். எண்கள் பருவத்தோடு ஏறி, பருவத்தோடு இறங்கினால் கருவி நலமாக இருக்கிறது. இரண்டு சித்திரைகளிலும் தந்தி உயரம் முந்தைய ஆண்டைவிடக் கூடியே இருந்தால், காத்திராமல் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் செல்லுங்கள்.